செங்கத்து மலைநாடும் எடுத்தனூர் நடுகல்லும்

தொண்டைநாட்டின் பண்டைப் பிரிவாகிய 24 கோட்டங்களுள் பல்குன்றக் கோட்டம் என்பது ஒன்று. குன்றுகள் பல உடைமையின் அஃது அப்பெயர்த்தாயிற்று. செங்கம் என்னும் ஊரைச் சூழ்ந்த நாட்டைக் கண்டார்க்கு இப்பெயரின் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். வடக்கே சவ்வாது மலை நெடுஞ்சுவர்போல் ஓங்கி நிற்கின்றது. தெற்கே கல்வராயன் மலை. இவ்விரண்டற்கும் இடையே சிறு குன்றுகளும் கரடுகளும் முரம்பு நிலங்களும் விரவிக் கிடக்கின்றன. சவ்வாது மலையிற் பிறந்த சேயாறு செங்கத்தின் வழியே கிழக்கு நோக்கிச் செல்கின்றது. நந்திமலைப் பக்கத்துத் தோன்றிய தென்பெண்ணையோ, மலைகளை ஊடறுத்துக்கொண்டு சாத்தனூரை அடைந்து, திருக்கோவலூரை வலஞ்செய்வதுபோல் வளைந்து, திருமுனைப்பாடி நாட்டுட் புகுந்து கடலூர்க்கு அணித்தாகக் கடலிற் கலக்கின்றது. சாத்தனூரில் கி.பி. 1958 இல் அணை கட்டி முடிக்கப்பெற்றது. அதற்கு முன்னர் அவ்விடம் யானையும் புலியும் வழங்கிய காட்டுவழியாகவே நெடுங்காலம் இருந்தது.

இந்நாட்டின் வரலாற்றை உணர்தற்கு அதன் நில இயல்பே முதற் கருவியாகும். மேலைப் பீடபூமியினின்று கீழைச் சமவெளிக்கு இறங்கும் வாயில்களுள் செங்கத்துக் கணவாய் ஒன்று. கி.பி. 1767 இல் ஐதரலியின் படையும் ஆங்கிலர் படையும் பொருதது இவ்விடத்தேயாம். படை வரும் வழி எதுவோ அதுவே கள்வர் வரும் வழியும் ஆகும். வயலும் வாய்க்காலும் மிக்க சோணாட்டில் ஒருவன் செல்வம் நெற்குதிரில் இருந்தது. தினையும் சாமையும் வரகும் விளையும் இவ்வன்புலத்திலோ அது கொட்டிலிலும் மேய்ச்சற் புறத்திலும் நான்கு கால்களோடு நின்றது. நெல்லைக் கொள்ளை கொள்வோன் வண்டி கொண்டு வருதல் வேண்டும். ஆநிரையைக் கொள்வோன் ஓட்டிச் சென்றாற் போதும். ஆகவே இந்நாட்டிற் பூசல் எழுந்த போதெல்லாம் அது பெரும்பாலும் நிரை காரணமாகவே எழுந்தது. பூசலில் வீழ்ந்தார்க்குக் கல் நாட்டினர். அக்கற்களே இந்நாட்டின் பழஞ் சரிதம்.

சங்க நூல்களுள் பத்துப்பாட்டின் இறுதியில் நிற்பதாகிய மலைபடுகடாம் இந்நாட்டையே பாடியது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னன்சேய் நன்னனைப் பாடிய 583 அடிகளையுடைய அப்பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்பதும் பெயர். மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைக் கி.பி. 1889 இல் அச்சிட்ட பின்னரே தமிழுலகம் அதனை நன்கு அறிந்தது. நன்னனது தலைநகராகிய செங்கண்மா என்பது இற்றைச் செங்கமே. அவன் நாட்டு யாறு சேயாறு. அவனது நவிரமலை இக்காலத்துப் பருவதமலை என வழங்கும். அம்மலையின்மேல் உறைவோனைக் காரியுண்டிக் கடவுள் என்று புலவர் குறிக்கின்றார். காரி ஈண்டு நஞ்சு. நஞ்சினை உணவாகக் கொண்ட கடவுள் சிவபெருமானன்றிப் பிறரில்லை. இன்று மல்லிகார்ச்சுனர் என்னும் திருப்பெயரோடு அடியார்கள் கடுமலை ஏறித் தொழும் மூர்த்தியை, ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகட்கு முன் ஒரு புலவர் மலையின் பெயரோடும் செயலின் பெயரோடும் குறித்து வைத்தனர் என்பது சைவர் மறக்கற்பாலதன்று.

அப்பாட்டில் வழிச்செல்லும் கூத்தர்க்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பலவும் மலைநாட்டில் நடந்து பழகினார் கூற்றாகவே உள்ளன. தினைப்புனங் காப்போர் யானையை ஓட்டுதற்குக் கவணில் விடும் கற்கள் மேலே படாதவாறு மரங்களின் மறைவிற் செல்லுதல் வேண்டும் என்பதும், கவர்த்த வழிகளில் பின்வருவார் மயங்காமைப் பொருட்டுப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுதல் வேண்டும் என்பதும் அவற்றுட் சில. அவற்றோடு ஒன்றாகவே நடுகற்களும் பேசப்படுகின்றன. புறங்கொடாது பட்ட வீரரின் பெயரெழுதி நாட்டிய கற்கள் அக்கவலை வழிகளில் மிகப் பல என்றும், அவற்றின்முன் மரபுப்படி யாழிசைத்துப் பின் விரைந்து செல்க என்றும் புலவர் கூறுகின்றார். அவ்வழி அச்சமுடைத்து என்பதைக் கற்களின் தொகையே உணர்த்திவிடுகின்றது. விரைந்து செல்க என்றதன் கருத்தும் அதுவே போலும்.

கல்நாட்டும் முறையினை ஆசிரியர் தொல்காப்பியனார் வெட்சித்திணையுள் வைத்துக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலையாக வகுத்தார். தக்க கல்லைத் தேர்ந்து காண்டல் முதல், கொணர்ந்து, நீராட்டி, நாட்டிப், படைத்து, வாழ்த்துதல் ஈறாக இவை நடைபெறும். வஞ்சிக்காண்டத்துக் காதைகள் சில இப்பெயர்களையே தாங்கி நிற்றலை யாவரும் அறிவர். நிரை கவர்தலை வெட்சி எனவும் மீட்டலைக் கரந்தை எனவும் வேறு திணையாக்கியது புறப்பொருள் வெண்பாமாலை. தொல்காப்பியனார்க்கு இரண்டும் ஒரு திணையே. கற்களை நோக்குவார்க்குத் தொல்காப்பியனார் கொள்கையே பொருத்தமாகத் தோன்றும். ஏனெனில் கவரச் சென்று பட்டானுக்கும் கல் உண்டு. மீட்கச் சென்று பட்டானுக்கும் கல் உண்டு. இருவரையும் நாட்டினவர் ஒரு முறையிலேயே நாட்டினர்.

இலக்கணத்துக்கும் கல்லுக்கும் உள்ள இவ்வுறவு வெறுங் கற்பனை அன்று என்பது கி.பி. 2006 இல் மற்றொரு மலைநாட்டில் உறுதிப்பட்டது. தேனி மாவட்டத்து ஆண்டிபட்டிப் பக்கத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்ட கற்களுள் ஒன்றில், கூடலூர் ஆகோளிற் பட்டான் ஒருவனைக் குறித்துப் பழந்தமிழ் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆகோள் என்பது தொல்காப்பியத்துட் காணும் சொல். நூலிற் குறியீடாக நின்றது கல்லில் நிகழ்ச்சியாக நின்றது கண்டு தமிழறிந்தார் மகிழ்ந்தனர். அக்கல் கிறித்துவுக்கு முற்பட்டதென ஆய்வாளர் கொள்ப.

செங்கத்துக் கற்கள் அத்துணைப் பழமையுடையன அல்ல. அவற்றுட் பல பல்லவர் காலத்தன. முன்னர் வட ஆர்க்காட்டின் பகுதியாயிருந்து கி.பி. 1989 முதல் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதியில், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் ஊர்தோறும் சென்று படியெடுத்த நடுகற் சாசனங்கள், அத்துறைத் தலைவர் இரா. நாகசாமியவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கி.பி. 1972 இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளிவந்தன. சிங்கவிண்ண பருமன், மயிந்திர பருமன் என்று அக்கற்கள் கூறும் பெயர்கள் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் என்பனவற்றின் நாட்டு வழக்கு. எழுத்து வட்டெழுத்து. நடை சுருக்கமானது. இன்ன அரசனுக்கு இன்ன யாண்டு, இன்ன நாட்டு இன்னாருடைய சேவகன் இன்னான், இன்ன பூசலிற் பட்டான், அவன் கல் என்ற அளவோடு முடியும். நிரையைத் தொறு என்னும் சொல்லாற் குறிக்கும். பட்டவன் சுற்றத்தார்க்கு நிலம் விட்டதுண்டாயின் அதுவும் சில கற்களிற் சொல்லப்படும். உதிரம் சிந்திப் பெற்றமையின் அந்நிலம் உதிரப்பட்டி எனப்பெயர் பெற்றது. வீரன் உருவம் வில்லும் வாளும் ஏந்திப் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். காலருகே கெண்டியும் சிமிழும் காட்டப்படுதலும் உண்டு.

இவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்றே ஒரு தனி நூலுக்குப் போதுமான செய்தி உடையது. எடுத்தனூர் இப்போது தண்டராம்பட்டு வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். கல் மயிந்திர பருமனுடைய முப்பத்துநான்காம் யாண்டினது. வாணகோ அரைசர் என்பார் பல்லவர்க்குக் கீழ் இப்பக்கத்தை ஆண்ட வாணர்குலத் தலைவர். அவர் மருமக்கள் பொற்றொக்கையார். பொற்றொக்கையாருடைய இளமகன் கருந்தேவகத்தி. இளமகன் என்பதற்கு ஈண்டு ஏவல்செய் இளவீரன் என்று பொருள் கொள்ளுதல் நன்று. இளைய புதல்வன் என்று கொள்ளின் ஏனைய கற்களின் வழக்கோடு இயையாது. அவன் எருமைப்புறத்தே பட்டான் என்கின்றது கல். சங்கப் பாட்டுக்களிலே ஆநிரை என்றே கேட்டுப் பழகிய செவிக்கு எருமை என்னும் சொல் சிறிது புதுமையாகவே இருக்கும். நூலில் ஆநிரையென்று நின்ற இடத்தில் நாட்டில் எருமையும் நின்றது. அவற்றுக்காகவும் ஆடவர் உயிர் கொடுத்தனர்.

இச்சாசனத்தோடு வேறொரு தொடரும் அக்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு என்பது அது. வீரன் உருவத்தோடு நாயின் உருவமும் கல்லில் உண்டு. அவ்வுருவத்துக்கு உரிய பெயரும் செயலுமே இத்தொடர். ‘காத்திருந்தவாறு’ என்பது காத்திருந்த தன்மை இது எனச் சிற்பத்தைச் சுட்டி நிற்றலின், இதனைச் சிற்பத்தின் விளக்கம் என்றே கொள்ளல் வேண்டும். இரு கள்ளரை என்னாது இரு கள்ளனை என்றது இலக்கணம் பயின்றார் செவிக்கு உறுத்தும். எண்ணுப்பெயரை அடுத்து ஒருமை நிற்றல் பேச்சு வழக்கு. கல்வெட்டினவன் ஊரார் வாயிற் கேட்டபடியே வெட்டினான்; அதனால் நமக்கு இழப்பில்லை, ஊதியமே உண்டு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கும் மேற்பட்ட ஒரு சிற்றூர்ப் பேச்சு அவ்வொருமையிற் கேட்கின்றது.

கோவிவன் என்னும் பெயருக்குக் கோ இவன், அஃதாவது அரசன் இவன், எனப் பிரித்துப் பொருள் கூறுவாரும் உளர். அஃது உறுதியன்றாயினும் பெயர் ஆண்பாலீறு பெற்று நிற்றல் தெளிவு. உவப்பு முதலிய காரணங்களால் அஃறிணைப் பொருளை உயர்திணையாகக் கூறுதலை வழுவமைதி என்பர் நன்னூலார். வளர்த்தவன் உவந்து அழைத்த பெயரை ஊரார் கல்லிலும் மாற்றாமல் வைத்தனர்போலும். மன்னர் பெயரும் தலைவர் பெயரும் வெட்டிய கல்லில் ஒரு நாயின் பெயரையும் வெட்டுதற்கு அவர்கள் நாணவில்லை.

இனி, அக்கல்லிற் கண்ட யாண்டு வேறொரு வகையிலும் சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மன் கி.பி. 600 முதல் 630 வரை ஆண்டான் என்று பாடநூல்கள் பல எழுதி வந்தன. முப்பதாண்டு ஆண்ட அரசனுக்கு முப்பத்துநான்காம் யாண்டு எங்ஙனம் வாய்க்கும்? இறுதி ஆண்டு 630 என்பதை வைத்துக்கொள்ளினும், ஆட்சித் தொடக்கம் 597-க்குப் பிற்பட்டதாதல் இயலாது. பின்வந்த வரலாற்றாசிரியர்கள் 590 என்றும் அதற்கும் முன்னரென்றும் தொடக்கத்தைத் தள்ளி வைத்தமைக்கு இத்தகைய கற்கள் பெருங்காரணம். எருமை காக்கப்போய் மடிந்த ஒருவன் கல், பேரரசன் ஆட்சியாண்டைத் திருத்திவிட்டது. மெய்க்கீர்த்தியும் செப்பேடும் மட்டுமே வரலாறு என்று கருதுவார் இதனைச் சிந்திப்பாராக.

சைவர்க்கு இம்மன்னன் யாவன் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. திருநாவுக்கரசு சுவாமிகளைச் சமணர் சொற்கேட்டு நீற்றறையில் இடுவித்தும், நஞ்சூட்டுவித்தும், கல்லோடு கட்டிக் கடலில் வீழ்த்துவித்தும், பின்னர்த் தன் பிழை உணர்ந்து சிவநெறி புக்க காடவர்கோனைச் சேக்கிழார் சுவாமிகள் பாடுகின்றார். அவனே பாடலிபுத்திரத்து அமண்பள்ளியை இடித்துத் திருவதிகையிற் குணதரவீச்சரம் எடுத்தான் என்பதும் புராணம். சேக்கிழார் மகேந்திரன் என்று பெயர் கூறினாரல்லர். குணபரன் என்பது மகேந்திரனது பட்டப்பெயருள் ஒன்றாதலையும், திருச்சிராப்பள்ளிக் குடைவரைச் சாசனம் அவன் வேற்று நெறியினின்று இலிங்க வழிபாட்டிற்குத் திரும்பியதைக் குறித்தலையும் வைத்தே ஆராய்ச்சியாளர் இருவரையும் ஒருவராகத் துணிந்தனர். அத்துணிபு தக்கதே. அது தக்கதாயின், கருந்தேவகத்தி பட்ட காலமும் அப்பரடிகள் வாழ்ந்த காலமும் ஒன்றாகும். எடுத்தனூர்ப் பக்கத்து மலைநாட்டை நனைத்த பெண்ணைப் புனலே கீழிறங்கிச் சுவாமிகள் அவதரித்த திருமுனைப்பாடி நாட்டை வளஞ்செய்தது. மேலே காட்டில் நிரைப்பூசல் நடந்த நாட்களிற் கீழே சமயப் பூசல் நடந்துகொண்டிருந்தது.

அரசனும் ஒருபாற் கல்லிலேயே கருத்துடையனாயிருந்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி நான்முகன், ஈசன், திருமால் மூவர்க்கும் விசித்திரசித்தன் எடுப்பித்த கோயில் இது என மண்டகப்பட்டுச் சாசனம் கூறுகின்றது. தளவானூரில் சத்துருமல்லேசுவரமும், வந்தவாசிப் பக்கத்துச் சீயமங்கலத்தில் அவனிபாசன பல்லவேசுவரமும் அவன் குடைந்தவை. அவனுடைய குகைச் சாசனங்கள் பெரும்பாலும் கிரந்த எழுத்தில் வடமொழியிற் பட்டங்களை அடுக்கிக் கூறும். அதே அரசன் காலத்து அதே நாட்டில் எருமை காத்தான் கல்லோ வட்டெழுத்தில், தமிழில், ஒரு பட்டமுமின்றி நின்றது.

இறைவனுக்குக் கல்லாற் கோயில் எடுத்தல் தமிழகத்தில் இத்துணைப் பிற்காலத்துத் தோன்றியது ஏன் என்னும் வினாவுக்குக் கே. ஆர். சீனிவாசன் அவர்கள் ஒரு விடை கூறினர். கல் இறந்தார்க்கு உரியதாக வழங்கினமையின், அதனைத் தேவர் கோட்டத்துக்கு எடுத்தாள மக்கள் கூசினர் என்பது அவர் கருத்து. மறுத்தற்கு அரிய கருத்தே. மகேந்திரன் கல்லைப் பெயர்த்து நாட்டினானல்லன். நின்ற மலையையே குடைந்தான் என்பதும் ஈண்டு நினையத்தக்கது. பெயர்த்த கல்லை அடுக்கிப் பெருங்கோயில் எடுக்கும் துணிவு கச்சியிற் கயிலாசநாதர் கோயில் எடுத்த இராசசிம்மன் காலத்திலேதான் நிரம்பியது.

ஆயின் இதனினின்றும் ஒருபடி மேற்சென்று, சிவலிங்க வழிபாடே நடுகல் வழிபாட்டினின்று தோன்றியது எனச் சிலர் எழுதுப. நடுகல்லையன்றித் தொழத்தக்க கடவுள் பிறிதில்லை என்னும் கருத்தமைந்த மாங்குடிகிழார் புறப்பாட்டை அவர்கள் சான்று காட்டுப. அப்பாட்டு ஒரு சீறூர் மறக்குடியின் பெருமிதத்தைப் பாடியது. தமிழகம் முழுவதற்கும் சமயநூல் வகுத்ததன்று. மலைபடுகடாத்தை ஊன்றி நோக்குக. நவிரத்து உறையும் காரியுண்டிக் கடவுள் ஓரிடத்திற் கூறப்படுகின்றான்; வழியோரத்து நடுகற்கள் வேறோரிடத்திற் கூறப்படுகின்றன. கடவுட்கு உறைவிடமும் இயல்பும் சொல்லப்பட்டன. கற்களுக்கு நாட்டினோர் எழுதிய பெயரும் புகழும் சொல்லப்பட்டன. ஒரே மலையில், ஒரே பாட்டில், ஒரே புலவர் இரண்டையும் கண்டு இரண்டாகவே வைத்தார். செங்கத்துச் சாசனங்களிலும் இவ்வேறுபாடு உண்டு. பட்டவன் பெயரும் பட்ட வகையும் கூறுமேயன்றி, அவனை வரம் வேண்டும் வாசகம் அவற்றின் நடையிற் சேர்ந்ததன்று. இறந்தானுக்குச் செய்யும் சிறப்பு வேறு. இறத்தலும் பிறத்தலும் இல்லானுக்குச் செய்யும் வழிபாடு வேறு. இரண்டிலும் நீராட்டும் பூவும் படையலும் ஒத்திருத்தல் பற்றி இரண்டும் ஒன்றெனல், உருவொப்புமை கண்டு தந்தையையும் மகனையும் ஒருவன் எனலோடு ஒக்கும்.

காலம் அவ்வேறுபாட்டைச் சில இடங்களில் அழித்தது மெய்யே. செங்கம், தருமபுரிப் பக்கங்களில் நடுகற்களை இன்று வேடியப்பன் என்று வணங்குவர். வேடியப்பனுக்குப் பொங்கலிடுவர், பிள்ளைகட்கு அப்பெயர் சூட்டுவர். மயிந்திரன் காலத்துச் சேவகனும், அவனுக்கு இருநூறு ஆண்டு பின்வந்த சேவகனும் எல்லாரும் வேடியப்பனாயினர். வட்டெழுத்து வழக்கொழிந்தமையின் கல்லில் எழுதிய பெயரைப் படிப்பார் இலராயினர். பெயர் மறைந்தது, வணக்கம் நின்றது. ஆயினும் அவ்வணக்கத்தையும் இகழ்தல் ஆகாது. வேடியப்பன் என்று பொட்டிட்டுக் காத்த கற்களே பலவும் இன்று எஞ்சின. வணங்குவாரற்ற கற்கள் துவைகல்லாகவும் பாலத்துக்கு இட்ட கல்லாகவும் போயின. கற்றார் செய்யத் தவறிய காவலைக் கல்லாதார் ஆயிரம் ஆண்டு செய்தனர் எனல் மிகையன்று. எண்ணெயும் மஞ்சளும் படிந்து எழுத்து மறைதல் உண்டாயினும், படிந்ததை நீக்கிப் படிக்கலாம். உடைந்ததைப் படித்தல் இயலாது.

எடுத்தனூர்க் கல்லைப்பற்றி எழுதுவோருட் சிலர் நாயும் வீரனோடு மாண்டது என்று கூறுகின்றனர். கல் அங்ஙனம் கூறவில்லை. வீரனுக்குப் பட்டான் என்னும் சொல்லைத் தெளிவாக வைத்த அதே கல், நாய்க்குக் கடித்துக் காத்திருந்தவாறு என்ற அளவிலே நின்றுவிட்டது. இரண்டு கள்வரைக் கடித்தது, காத்திருந்தது. எருமைகள் மீண்டனவா என்பதும் கல்லில் இல்லை.